நூற்றுப் பதினாறு பேருக்கு ஒரு முதுகு

ஒரே நாளில், ஒரே ஆளின் உடம்பில், நூற்றுப் பதினாறு பேருக்கு அம்மை குத்தியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். தலைக்கு ஒரே வட்டத்தில் பதினைந்து குத்து. ஆக ஆயிரத்து எழுநூற்று நாற்பது. பெருக்கலில் சந்தேகம் உள்ளவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மற்றதில் சந்தேகம் உள்ளவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் முதல் ஆள் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர்.

குத்து வாங்கியவன் பெயர் மாதையன். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் கடைசி ஊர்க்காரன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்த ஊருக்கு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மாதையனுக்கு முக்கால் மணி. சாமை விதைப்பான், புளி உலுக்குவான், மீதி நாட்களில் ஆதிநாராயணன் என்கிற கல்லூரிப் பேராசிரியருக்குச் செடி கொடி தேடிக் கொடுத்து மூட்டை சுமப்பான். 1979-இல் அந்தப் பேராசிரியர் தன் மாணவர்கள் பத்துப் பேரை நேபாளத்துக்கு மலையேறக் கூட்டிப் போவதாக முடிவு செய்தார். பதினாலாயிரம் அடி. நனைந்த விறகில் தீ மூட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மாதையனையும் கூப்பிட்டார்.

மாதையன் உடனே தலையாட்டியதற்குக் காரணம் வேறு. அதற்கு முந்தின வருஷம் அந்த மாணவர்கள் ஜவ்வாது மலைக்கு வந்திருந்தபோது அவர்களில் ஒருவன், இதெல்லாம் மலையே இல்லை, வெறும் மேடு என்று சொல்லிவிட்டான். முப்பத்தைந்து வருஷமாக மேட்டிலா குடியிருக்கிறோம் என்ற கேள்வி அன்று முதல் மாதையனைத் தின்றுகொண்டிருந்தது. மலை என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றான். அவன் மனைவி மங்கம்மாளுக்கு ஒரே ஒரு கவலைதான்: "பெருசா ஒண்ணப் பாத்துட்டு வந்து, இங்க இன்னா கீதுன்னு எங்கள எளக்காரமாப் பாக்கக் கூடாது. அம்புட்டுதான்."

ரயில் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி காலை. மாணவர்களுக்கு அவரவர் ஊரில் அரை மணி நேரத்தில் சுகாதாரச் சான்று கிடைத்துவிட்டது. மாதையன் மலைவாசி. மலைவாசிகளுக்கு என்று தனி அலுவலகமே இருந்தது.

மலையடிவார டவுன் ஒன்றில், மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால், 'வெளிநாடு செல்லும் மலைவாழ் மக்களுக்கான சுகாதார ஆயத்த மற்றும் சான்றளிப்பு அலுவலகம்' என்று ஒரு போர்டு. போர்டு கட்டடத்தைவிட நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்துக்குத் தனியாக ஒரு கம்பம் நட்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அலுவலகம் ஏற்பட்டுப் பதினோரு வருஷம் ஆகியும் வெளிநாடு போகிறேன் என்று ஒரு மலைவாசியும் வந்ததில்லை. அதற்காக வேலை நின்றுவிடவில்லை. மாதா மாதம் 'வந்தவர் இல்லை, சான்று பெற்றவர் இல்லை, நிலுவை இல்லை' என்று அறிக்கை போகும். நிலுவையே இல்லாத அலுவலகம் என்று இரண்டு தடவை பாராட்டுக் கடிதம் வந்தது. சான்று என்பது ஒரு மஞ்சள் புத்தகம். அதில் குத்துகிற முத்திரை இரும்புப் பெட்டியில் இருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பொட்டு வைப்போம்.

வைப்போம் என்கிறேன், நானும் அங்கேதான் இருந்தேன். நாட்டில் அம்மை ஒழிந்ததும் அம்மை குத்துகிறவர்களை என்ன செய்வது என்று மேலே யாருக்கும் தெரியவில்லை. என்னை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். ஆனால் அம்மை ஒழிந்த சேதி மட்டும் இந்த அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. எங்கள் விதிப்படி அம்மை குத்திக்கொள்ளாத எவனும் எல்லை தாண்ட முடியாது.

அதிகாரி டாக்டர் துரைக்கண்ணு. நல்ல மனிதர், அதற்கு அலுவலகம் பொறுப்பல்ல. பிப்ரவரி முதல் வாரம் மாதையன் வாசலில் வந்து நின்றான். பியூன் காசி, மாட்டாஸ்பத்திரிக்குத்தான் வழி கேட்கிறான் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டான். அவன் திரும்பி வந்து, நேபாளம் போகணும் என்றதும் காசி உள்ளே ஓடினான். டாக்டர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மாதையனை நிற்க வைத்து ஒரு பிரசங்கம் செய்தார்.

"இந்த ஆபீசு சான்று குடுத்து அனுப்பின ஒரு ஆளாவது வெளிநாட்டுல காய்ச்சல்னு படுத்ததுண்டா? பதினோரு வருஷத்துல ஒருத்தன்கூடப் படுக்கல. அந்தப் பேரை உனக்காக நான் கெடுத்துக்க முடியாது. பயணம்னு ஒண்ணு இருந்தாத்தான்யா நோய். பயணத்த நிறுத்திட்டா நோய் தன்னால நின்னுடுது. இதுதான் இத்தன வருஷமா எங்க முறை."

மாதையன் பணிவாகக் கேட்டுக்கொண்டான். பிறகு அவரைத் தாண்டி, பீரோவை ஒட்டி நின்றிருந்த என்னைப் பார்த்து, "சாரு சௌக்கியங்களா?" என்றான். நான் பீரோவுக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன். அன்று தொடங்கிய படபடப்பு ஐம்பது நாள் அடங்கவில்லை.

முதலில் உயரத்துக்கான சோதனை. உயரமான இடங்களில் முன் அனுபவம் உண்டா என்று படிவம் கேட்டது. பொறந்ததே மேலதான் என்றான் மாதையன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறிப் போனால்தான் அனுபவம்; பிறந்தவன் ஏறவில்லை, அவனை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி 'இல்லை' என்று எழுதினார். அடுத்தது படிக்கட்டுச் சோதனை. பயணி மூச்சு வாங்கும்வரை படி ஏறி இறங்க வேண்டும், வாங்கியதும் நாடி பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் கட்டடத்தில் மாடி கிடையாது. ஒரு ஸ்டூல் போட்டார்கள். எண்ணிக்கை தவறக் கூடாது என்று காசியும் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு மாதையன் கூடவே ஏறி இறங்கினான். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டுக்கு நிறுத்தி இரண்டு மணிக்குத் தொடர்ந்தது. நாலாயிரம் தாண்டியும் மாதையனுக்கு மூச்சு வாங்கவில்லை. ஊரு இன்னும் எம்மா தூரம் என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். மூச்சு வாங்காவிட்டால் சோதனை முடியாது. நாலரை மணிக்குக் காசி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். டாக்டர் பாய்ந்து போய் அவன் நாடியைப் பிடித்து, மாதையன் பெயருக்கு நேரே எழுதி, 'திருப்தி' என்று போட்டார்.

விதிப்புத்தகத்தின் அடுத்த பக்கம்தான் ஆளைக் கொன்றது. உயரத்துக்குப் பழகாதவர் ஒரு நாளில் ஆயிரம் அடிக்கு மேல் ஏறக் கூடாது. மாதையன் வீடு மூவாயிரம் அடியில். கீழே வந்துவிட்டு அன்றன்றே வீடு திரும்புகிறான் என்று தெரிந்ததும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இதுநாள் வரை எப்படி உயிரோடு இருக்கிறான் என்று அவனையே கேட்டார். இனிமேல் வீட்டுக்குப் போக மூன்று நாள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு, மேற்பார்வைக்குக் காசி. இறங்குவதற்கு விதி ஏதும் இல்லாததால் இறங்குவது மட்டும் ஒரே மூச்சில்.

பிப்ரவரி முழுக்க இப்படியே போயிற்று. காலரா ஊசிக்கு ஒரு தடவை, அதன் இரண்டாவது தவணைக்கு ஒரு தடவை, டைபாய்டுக்கு ஒரு தடவை. அது புளி உலுக்குகிற பருவம். மங்கம்மாள் தனியாளாக மரம் மரமாக உலுக்கிவிட்டு, புருஷனைத் தேடிக்கொண்டு கீழே வந்தவள், ஊருக்கு அரை மணி நேரத் தொலைவில், பாதையோரப் பாறையில் இரண்டு ஆண்பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"வூடு கண்ணுக்குத் தெரியுது. இங்க குந்திக்கினு இன்னாயா பண்ற?"

இன்றைய ஆயிரம் அடி முடிந்துவிட்டது, மீதி நாளைக்குத்தான் என்று காசி விளக்கினான். மங்கம்மாள் கையோடு கொண்டுவந்த களியை இருவருக்கும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கவருமெண்டுல எல்லாரும் இப்படித்தானா, இல்ல உன்ன மட்டும் பொறுக்கி எடுத்தாங்களா என்று விசாரித்தாள்.

கடைசியில் அம்மை ஊசி. சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர், கழற்றியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தோளிலிருந்து முழங்கை வரை, பிறகு முதுகு, பிறகு விலா, காசு காசாக வட்டத் தழும்புகள். சந்தைக்கடையில் தட்டு அடுக்கின மாதிரி வரிசை வரிசையாக. இது என்ன என்று கேட்டார். மாதையன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மலையில முள்ளு ஜாஸ்திங்க," என்றான்.

டாக்டர் அதை அறியப்படாத தோல் நோய் என்று குறித்துக்கொண்டு, 1974-ஆம் வருஷத்து அம்மைப் பதிவேட்டை எடுத்தார். அந்த ஊரில் நூற்றுப் பதினாறு பேருக்கு அம்மை குத்தியாயிற்று. நூற்றுப் பதினேழாவது பெயர் மாதையன்; நேரே 'ஊரில் இல்லை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. ஆக, மாதையனுக்கு இதுதான் முதல் குத்து. முதல் குத்து என்றால் எட்டாம் நாள் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பினால்தான் குத்தினதாகக் கணக்கு.

டாக்டரே குத்தினார், எட்டாம் நாள் எழும்பவில்லை. திரும்பக் குத்தினார், எழும்பவில்லை. மூன்றாவதும் எழும்பவில்லை. இந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு சான்றாவது வழங்காத அலுவலகங்கள் மூடப்படும். அது வந்த நாளிலிருந்து டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலாவது தடவை குத்திவிட்டு, மாதையனை அலுவலகத்திலேயே தங்க வைத்தார். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வந்து அவன் கையைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள், யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தைப் பார்த்து, வாடா கண்ணு, வந்துடுடா என்று கெஞ்சியதை நான் கேட்டேன்.

மார்ச் இருபத்தெட்டு. பேராசிரியர் மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார்; ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்குப் போகும் கடைசி பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு. மாதையன் கை வழுவழுவென்று இருந்தது. சான்று கிடையாது, மலையும் கிடையாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் மங்கம்மாள். அவளுக்குப் பின்னால் ஊர்.

"என் வூட்டுக்காரருக்கு ஊசி குத்தலன்னு எவன் சொன்னது? எங்க எல்லாருதும் அவரு மேலதான் கீது," என்றாள்.

இதற்கு மேல் உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

1974-இல் மறுநாள் சாயங்காலத்துக்குள் நூற்றுக்கு நூறு முடிக்க வேண்டும் என்ற உத்தரவோடு நான் அந்த ஊருக்கு ஏறினேன். ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிறு கையில் இருக்கும் வரை ஒருத்தர் உடம்பிலும் ரத்தம் பார்க்கக் கூடாது. அவிழ்க்கப் பதினைந்து நாள். காப்புக் கட்டின அன்று சந்தைக்குப் போயிருந்த மாதையன் ஒருவனுக்குத்தான் வெறுங்கை. ஊர்க்கவுண்டர் லட்சுமணன் யோசித்தார். அந்த மலையில், ரோடு போடவோ ஜீப்பைத் தள்ளவோ சர்க்கார் ஆள் கேட்டால், ஊர் சார்பில் முறை வைத்து ஒரு ஆளை அனுப்புவது வழக்கம். இதுவும் சர்க்கார் வேலைதானே, எங்க எல்லாருக்குமா சேத்து இவன் வாங்கிப்பான் என்று மாதையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். நான் சரியாகப் புரிந்துகொண்டுதான் ஊசியை எடுத்தேன்.

வீட்டு வரிசைப்படி குத்தினேன். தன்னுடையது ஒழுங்காக விழுகிறதா என்று ஒவ்வொருவரும் கூடவே நின்று பார்த்தார்கள். கெங்கம்மாளுக்கும் அவள் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் போடக் கூடாது என்று தகராறு. ஒருத்திக்கு இடது தோள், மற்றவளுக்கு வலது விலா. கைகள் தீர்ந்து முதுகுக்குப் போனோம். மாதையன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் பெயர் வந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. ஊரில் இல்லை என்று எழுதினேன். பிறகு பத்து நாள் அவன் காய்ச்சலில் கிடந்தான்; அதன் பின் அந்த உடம்பில் எத்தனை குத்தினாலும் கொப்புளம் எழும்பாது. வீட்டுக்கு ஒரு வேளையாக ஊர் முழுக்க அவனுக்குக் கஞ்சி ஊற்றியது. காப்பு அவிழ்த்த பிறகு திரும்பப் போய் எல்லாருக்கும் ஒழுங்காகக் குத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். பதிவேடு நிரம்பிவிட்ட ஊருக்கு மருந்து தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மை தானாகவே நாட்டை விட்டுப் போனது என் அதிர்ஷ்டம், அவர்கள் அதிர்ஷ்டம்.

இதை அன்று டாக்டரிடம் சொன்னது நான் இல்லை, ஊர்க்காரர்கள்; அவர் நம்பவில்லை. இது நடக்கவே முடியாத காரியம் என்று மேசையைத் தட்டினார். வந்திருந்தவர்கள் எழுபத்தொன்பது பேர். மீதிப் பேர் செத்துப் போனவர்கள், வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போனவர்கள். அப்படியானால் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவரவர் தழும்பைக் காட்டட்டும் என்றார். மாதையனைப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். தொடும்போதெல்லாம் மாதையன் திரும்பிப் பார்க்காமலே ஆள் பெயரைச் சொன்னான். காசி புள்ளி வைத்துக்கொண்டே போனான். டாக்டர் குறுக்கு வழியில் மடக்கப் பார்த்தார். கெங்கம்மாள் வந்தபோது வலது விலாவில் ஒன்றைக் காட்டி, இதுதானே உன்னுடையது என்றார்.

"அது எங்க மாமியாளுதுங்க. அது பக்கமே நா போறதில்ல."

தன்னுடையதைத் தோளில் தொட்டுக் காட்டினாள். அப்புறமும் போகாமல், முதுகின் நடுவில் இன்னொன்றை விரலால் மெல்லத் தடவினாள். அது யாருடையது என்று டாக்டர் கேட்டார். மாதையன்தான் சொன்னான், அது கெங்கம்மா வூட்டுக்காரருதுங்க, போன வருசம் பாம்பு கடிச்சிப் போய்ட்டாரு என்று. கொஞ்ச நேரம் காசி பென்சிலை எடுக்கவில்லை.

மணி நாலே முக்கால். எழுபத்தொன்பதுக்கு எழுபத்தொன்பது சரி. டாக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நம்பறதுல ஆட்சேபணை இல்ல. ஆனா நான் நம்பினா, இந்த ஊர்ல நூத்திப் பதினாறு பேருக்கு ஊசி போடலன்னு ஆவுது. ஊசி போடாதவன் இந்த மாவட்டத்துலயே இல்லன்னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதனால எனக்கு நம்ப அதிகாரம் இல்ல. மேல எழுதிக் கேக்கறேன். ஆறு மாசத்துல பதில் வரும்."

மங்கம்மாள் யோசித்தாள். பிறகு, "அப்ப என்னுத அவருக்கே குடுத்துடறேன். அவரு பேருல எழுதிக்குங்க," என்றாள்.

அலுவலகத்தில் ஒரு அசைவு உண்டாயிற்று. பெண்டாட்டியின் தழும்பைப் புருஷன் பெயருக்கு மாற்றலாமா என்று டாக்டரும் நானும் காசியும் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். கூடாது என்று எங்கேயும் இல்லை. பொருள் ஏற்கெனவே பெறுபவர் உடம்பிலேயே இருப்பதால் எடுத்துச் செல்லும் செலவும் இல்லை. மங்கம்மாள் ஒரு மனுவில் கைநாட்டு வைத்தாள். இப்போது அவளுக்கு ஊசி இல்லாமல் போய்விட்டதால், அந்த இடத்திலேயே அவள் கையில் குத்தினார் டாக்டர். அந்த ஊரில் சொந்தக் கையில் குத்திக்கொண்ட முதல் ஆள் அவள்தான். எட்டாம் நாள் அவளுக்குக் கொப்புளம் ஜோராக எழும்பியது.

மஞ்சள் புத்தகத்தில் எல்லாக் கட்டங்களையும் டாக்டர் நிரப்பினார். ஒரு வரி பாக்கி: 'மேற்படி ஊசி மேற்படி உடம்பில் உண்மையாகவே போடப்பட்டது.' பேனா அங்கே வந்து நின்றுவிட்டது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பேராசிரியர் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிறுத்தினார். இது ஊர்க்காரர்கள் கட்டின கதை, அவன் உடம்பில் இருப்பது முள் கிழித்த தழும்பு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவர் அறிக்கைகள் தப்பிக்கும், என் வேலையும் தப்பிக்கும். அலுவலகம் மூடினால் மூடட்டும். எனக்கு இன்னும் பன்னிரண்டு வருஷ சர்வீஸ் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாதையன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவன் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நான்தான் சார் குத்தினேன்," என்றேன். "நூத்திப் பதினாறும் நான்தான். ஊர்ல இல்லன்னு எழுதினதும் நான்தான்."

டாக்டர் குனிந்து கையெழுத்துப் போட்டார். முத்திரையில் மை காய்ந்து கிடந்ததால் மூன்று தடவை குத்தியும் பதியவில்லை. நாலாவது தடவை பதிந்தது. மாதையன் புத்தகத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, நகர்ந்துவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓடிப் போய்த் தொற்றினான்.

என் குற்றத்துக்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி, மங்கம்மாளின் மனு ஒட்டிய அந்தப் புத்தகம், அவன் மடியோடு நேபாளம் போய்விட்டதால்தான் என் வேலை தப்பியது. எல்லையில் அதை யாரும் கேட்கவே இல்லையாம். பீடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்களாம். திரும்பி வந்து மங்கம்மாளிடம், மலை பெருசுதான், ஆனா அங்க ஒண்ணும் வெளையல என்று சொன்னான்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, பஸ் கிளப்பின புழுதி அடங்கும்வரை டாக்டர் துரைக்கண்ணு போர்டுக்கு முட்டுக் கொடுத்த கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் மலைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். காசி முத்திரையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

"எழுபத்தொம்போது பேரு," என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். "ஒருத்தர்கூடத் தடுமாறல. நடந்துதான்யா இருக்கு."